பின் வாசல், பதினோரு மணி

சென்ற மாதம் எங்கள் மருத்துவமனையின் காலண்டர் சர்வரை அணைத்தார்கள். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. அதை நிறுவியவள் என்ற மரியாதைக்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மருத்துவர்கள், செவிலியர்கள், வண்டி ஓட்டுநர் என எல்லோருடைய நாள் குறிப்புகளும் இனி ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் இடத்தில் இருக்கும். சந்தா கட்டினால் போதும், நாம் எதையும் பராமரிக்க வேண்டியதில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் ரேவதி பொத்தானை அழுத்தினாள். விசிறிச் சத்தம் நின்றது. "மேடம், இத்தனை வருஷம் நீங்கதானே பார்த்தீக. புதுசுல என்னென்ன கவனிக்கணும்னு எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டாள்.

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறேன்: 'பதிவேட்டில் ஏற்றாமல் எதையும் யாருக்கும் திறந்துவிடாதே.' ஏன் அதற்கு மட்டும் அடிக்கோடு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அங்கே நின்றுகொண்டு சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் மல்லாங்கிணறு. பன்னிரண்டாம் வகுப்பும் தட்டச்சும் முடித்த கையோடு, சிவகாசிக்கு வெளியே இருந்த அந்தச் சிறிய மருத்துவமனையில் பதிவேட்டு அறைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். நோயாளி அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி வைப்பதும் கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும் வேலை. கம்ப்யூட்டர் வந்தபோது, தட்டச்சு தெரிந்தவள் என்பதால் என்னை அதன் முன் உட்கார வைத்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மதுரைக்குப் போய் நெட்வொர்க் வகுப்பு படித்தேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும், பாடம் எடுக்க வந்தவள் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றது. அத்தனை வருடங்களும் இப்படி நாலைந்து வரியில் அடங்கிவிடுகின்றன. அடங்காமல் நிற்பவை கடைசிச் சில வருடங்கள்தான்.

எங்களிடம் தீக்காயப் பிரிவு உண்டு. இந்தப் பக்கத்தில் அது ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உயிர் பிழைத்ததோடு தீக்காயம் முடிந்துவிடுவதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். புண் ஆறும்போதுதான் தோல் சுருங்க ஆரம்பிக்கும். சுருங்குகிற தோல் விரலை உள்ளங்கைக்கு இழுக்கும், தாடையை நெஞ்சுக்கு இழுக்கும். மூட்டை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கி வைத்துக் கட்டி, நாள் தவறாமல் பயிற்சி கொடுத்து, உரிய காலத்தில் அறுவை செய்து விடுவித்தால்தான் கை கையாக இருக்கும். தள்ளிப் போட்டால் விரல் மடங்கியபடி நின்றுவிடும். எங்களுக்குத் தேதி என்பதும் ஒரு மருந்துதான்.

அந்தத் தேதிகளையெல்லாம் முதலில் தினசரி காலண்டர் தாள்களில் எழுதினோம். சிவகாசியில் காலண்டருக்கா பஞ்சம்? சீசன் முடிவில் அச்சகங்களிலிருந்து கட்டுக் கட்டாக வரும். பிறகு ஒரு நோட்டுக்கு மாறினோம். போன்கள் வந்தபோது, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு காலண்டரை எல்லோரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் பயன்படுத்தினோம். ஒரு நாள் வேலையை விட்டுப் போன ஒரு செவிலியர், தன் போனை மகளுக்குக் கொடுக்கும் முன் அதிலிருந்த குறிப்புகளையெல்லாம் அழித்திருக்கிறார். அவர் போனில் அழிந்தவை எல்லோருடைய போனிலும் அழிந்தன. இரண்டு மாதத் தேதிகள் போயின. நோயாளி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப எழுத நாலு நாள் ஆனது.

அந்த நாலாம் நாள் மாலை மேட்ரன் பதிவேட்டு அறைக்கு வந்தார்.

மேட்ரன் ஞானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆள் குட்டை. குரலும் தணிந்த குரல்தான். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நாம் ஒரு காரியத்தைச் சொல்லி முடித்ததும், "அப்புறம்?" என்பார். அதற்குப் பதில் சொன்னால் இன்னொரு "அப்புறம்?" வரும். நாம் யோசிக்காமல் விட்ட இடம் வந்ததும் நமக்கே தெரிந்துவிடும். "யோசிச்சுட்டு வாரேன் மேட்ரன்" என்று எழுந்துகொள்வோம். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார்.

அன்று அவர் நின்றபடியே கேட்டார். "சுசீலா, இந்தக் காலண்டர் எங்கன இருக்கு?"

"அந்தக் கம்பெனியோட சர்வர்ல இருக்கு மேட்ரன்."

"அந்தக் கம்பெனி எங்கன இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை.

"எந்தப் பொம்பளைக்கு எங்க காயம், என்னைக்கு ஆபரேஷன், வீடு எந்தத் தெரு, அம்புட்டும் அதுல இருக்கு. அது எங்கன இருக்குன்னு நமக்குத் தெரியல. யாரு அழிச்சாலும் அழியுது. இதை நம்ம கட்டடத்துக்குள்ள வைக்க முடியுமா?"

முடியும் என்றேன். அன்று அவர் முகத்தைப் பார்த்த தைரியத்தில் சொன்னதே தவிர, எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்று மாதம் ஆயிற்று. புத்தகம் பருமனில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கினோம். காசில்லாமல் கிடைக்கிற, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம் என்கிற வகை மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றினேன். வெளியூரில் இருக்கும் செவிலியரின் போனும் இதனுடன் பேச வேண்டும், ஆனால் அந்தப் பேச்சை நடுவில் யாரும் ஒட்டுக் கேட்கக் கூடாது. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அது சில மாதங்களுக்கு ஒரு முறை காலாவதியாகும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் தடவை நான் செய்த ஏற்பாடு வேலை செய்யவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை எல்லாருடைய போனும் சொல்லி வைத்தாற்போல 'இந்த இடத்தை நம்ப முடியாது' என்றன. மேட்ரன் அந்தப் போன்களில் ஒன்றை என் மேசையில் வைத்து, "நம்ப முடியாதுங்குதே" என்றார்.

ஒரு போனை இணைப்பதற்கு அவர் வகுத்த முறை இது. ஆளும் போனும் நேரில் வர வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் தனிக் கடவுச்சொல். ஒருவருக்கு இரண்டு போன் என்றால் இரண்டு. பதிவேட்டில் பெயர், எந்தப் போன், எந்தெந்தக் காலண்டரைப் பார்க்கலாம், எதில் எழுதலாம் என்று நான் எழுதுவேன். அவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு வார்டு கம்ப்யூட்டரில் 'சோதனை' என்று ஒரு குறிப்பு போடுவேன். அது போனில் வந்து விழும் வரை மூவரும் காத்திருப்போம். போனில் அதை அழிக்கச் சொல்வார். வார்டில் அது மறைந்ததா என்று அவரே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான், "சரி" என்பார்.

ஒரு நாள் வந்து, "என் போன் தொலைஞ்சு போச்சு" என்றார். நான் பதறி எழுந்தேன். "பதறாதீக. பதிவேட்டை எடுங்க. இப்ப என்ன செய்வீக, எனக்குக் காட்டுங்க." அவருடைய போனுக்கான கடவுச்சொல்லை மட்டும் ரத்து செய்தேன். மற்றவர்களின் போன் எதுவும் பாதிக்கப்படவில்லை. அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். காலண்டர் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. "அப்புறம்? ஏற்கெனவே போன்ல இறங்கினது இருக்கே?" என்றார். நான் யோசிக்காத இடம் அது. அன்றிலிருந்து அடுத்த இரண்டு வாரத்துக்கு மேல் எதுவும் போனில் இறங்காதபடி செய்தேன். நோயாளியின் பெயருக்குப் பதிலாக அட்டை எண்ணை மட்டும் எழுத ஆரம்பித்தோம்.

வண்டிக்கு மட்டும் அட்டை எண் உதவாது. ஓட்டுநர் முருகேசன் எண்ணை வைத்துக்கொண்டு எந்த வீட்டைத் தேடுவார்? ஆகவே அவருக்கென்று தனிக் காலண்டர். அதில் மட்டும் பெயர், ஊர், தெரு, நேரம் எல்லாம் இருக்கும். அதை அவரும் நானும் மட்டும் பார்க்கலாம்.

முருகேசனின் போன் பழசு. நாங்கள் பயன்படுத்திய செயலி அதில் ஏறவே மறுத்தது. புதுப் போன் கேட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். வர நாளாகும் என்றார்கள். அதுவரை அவர் தினமும் காலையில் எனக்குப் போன் செய்வார். "அக்கா, இன்னைக்கு எங்கன எங்கன போகணும்?" வெளிநோயாளிகள் கூட்டம் நெட்டித் தள்ளும் நேரம் அது. ஒரு கையில் அட்டைகளை வைத்துக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்து ஒவ்வொரு தெருவாகச் சொல்வேன். ஒரு நாள் தெருப் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். கழுத்தில் காயம்பட்ட ஒரு பெரியவர் ரோட்டோரம் வெயிலில் காத்து நின்றார்.

அன்று அந்த லிங்கை உருவாக்கினேன். சர்வரில் அதற்கு வசதி இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் நீளமான முகவரி ஒன்று வரும். அதை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், கடவுச்சொல் இல்லாமல் அந்தக் காலண்டரைத் திறந்து பார்க்கலாம். மாற்ற முடியாது, பார்க்க மட்டும் முடியும். முருகேசனுக்கு அனுப்பினேன். "ஒரு வாரத்துக்குத்தான் தம்பி. புதுப் போன் வந்ததும் முறையாப் போட்டுருவோம்" என்றேன். பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் மேட்ரன் "அப்புறம்?" என்பார். என்னிடம் பதில் இருந்திருக்காது.

புதுப் போன் வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. வந்ததும் முறைப்படி எல்லாம் செய்தேன். சோதனைக் குறிப்பு விழுந்தது, மேட்ரன் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார், "சரி" என்றார். லிங்க் திறந்தே கிடந்தது. பதிவேட்டில் இல்லாத ஒன்றை நீக்க வேண்டும் என்று யாருக்கு நினைவு வரும்?

மாரீஸ்வரி விஸ்வநத்தத்துக்காரி. முப்பது வயதிருக்கும். ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவள். வெடி விபத்தில் அந்த அறையில் இருந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். மாரீஸ்வரிக்கு இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துபோயின. எங்களிடம் வந்து பிழைத்தாள். புருஷன் திருப்பூரில். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள், அவ்வளவுதான் குடும்பம். வாய்த்துடுக்கான பெண். கைத்தாங்கியைக் கட்டும்போது வலியில் கண்ணீர் வழியும், வாய் மட்டும், "ஏ யக்கா, இதை இறுக்கிக் கட்டுனது போதும், நான் என்ன ஓடியா போயிருவேன்" என்று சிரிக்கும். இடது கையில் முதல் அறுவை நன்றாக அமைந்தது. வலது கைக்கு நாள் குறித்திருந்தது.

நாலு பேர் மட்டும் இருக்க வேண்டிய அறையில் அன்று ஒன்பது பேர் இருந்தார்கள் என்பதைச் சொல்ல அவள் தயாராக இருந்தாள். அவள் அன்று வேலைக்கே வரவில்லை, இறந்த பெண்களில் ஒருத்திக்குச் சோறு கொண்டு வந்தவள் என்பது ஆலைத் தரப்பின் பேச்சு. விருதுநகரிலிருந்து இலவச சட்ட உதவிக்கான வக்கீல் அம்மா ஒருவர் அவளுடைய வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள வருவதாக ஏற்பாடு. வீட்டில் வைத்தால் ஆலைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். ஆகவே பயிற்சிக்கு வரும் நாளில், பயிற்சி அறையிலேயே எழுதிக்கொள்வது என்று மேட்ரன் முடிவு செய்தார். எங்கள் முன் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஆலையின் போர்மேன் சில நாட்களாக வந்து உட்கார்ந்திருந்தார். ஆகவே அன்று வண்டி பின் வாசலுக்கு வர வேண்டும்.

"முருகேசன்கிட்ட சொல்லிருங்க" என்றார் மேட்ரன்.

சொல்லத்தான் கூப்பிட்டேன். முருகேசன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் போலும், எடுக்கவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டுக் காலண்டரில் எழுதிவிட்டேன். மாரீஸ்வரி. விஸ்வநத்தம். பத்தரை மணிக்கு ஏற்றவும். பின் வாசல், பதினோரு மணி, வக்கீல்.

வியாழக்கிழமை. பத்தரைக்கு முருகேசன் போன் செய்தார். "அக்கா, வீடு பூட்டிக் கிடக்கு. நீங்க வேற வண்டி எதுவும் அனுப்புனீகளா?"

"இல்லையே."

பக்கத்து வீட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தார். "ஒம்போது மணிக்கே கார் வந்துச்சும்மா. ஆஸ்பத்திரிக் காருன்னாக. வக்கீலம்மா சீக்கிரமே வந்துட்டாக, பின் வாசல் வழியாப் போகணும்னு சொன்னாக. மாரீஸ்வரியும் ஏறிப் போச்சு."

பின் வாசல் என்ற சொல் காதில் விழுந்ததும் போனை வைத்துவிட்டு சர்வரின் முன் போய் உட்கார்ந்தேன். மேட்ரன், வக்கீல் அம்மா, மாரீஸ்வரி தவிர அந்தச் சொல் இருந்தது ஒரே ஓர் இடத்தில். நான் எழுதிய இடம்.

யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்பதை சர்வர் குறித்து வைக்கும். திறந்து பார்த்தேன். அந்த லிங்க் மாதக்கணக்காக, தினமும் காலையிலும் மாலையிலும், எங்களுக்குச் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து திறக்கப்பட்டிருந்தது. புதன்கிழமை மாலை மட்டும் பல தடவை. லிங்கை மூடினேன். ஒரு பொத்தான்தான், ஒரு நொடிதான் ஆனது.

முருகேசன் வந்ததும் கேட்டேன். "தம்பி, அந்த லிங்கை யாருக்காவது அனுப்புனியா?"

"மச்சானுக்கு அனுப்புனேன்க்கா. அந்தப் பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுறான்ல. ஆஸ்பத்திரி போற பொம்பளைக என்னைக்கு வேலைக்கு வரமாட்டாகன்னு தெரிஞ்சா, தெருவுல காத்துக்கிட்டு நிக்க வேண்டாமேன்னு கேட்டான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "தப்பாக்கா?"

மச்சானிடமிருந்து போர்மேனுக்கு அது எப்படிப் போயிற்று என்பது கடைசி வரை தெரியவில்லை.

மாரீஸ்வரி மாலையில் வீடு திரும்பினாள். சிவகாசியில் ஏதோ ஓர் அலுவலக மாடியில் உட்கார வைத்து, 'சம்பவத்தன்று நான் வேலைக்கு வரவில்லை' என்று எழுதியிருந்த தாளில் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேனாவைப் பிடிக்க விரல் வரவில்லை. வலது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் வக்கீல் அம்மா மறுநாள் போய் விசாரித்துச் சொன்னது. அவரிடமும் மாரீஸ்வரி அதிகம் பேசவில்லை. "ஆஸ்பத்திரிக்காரக சொல்லாம அவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

நிர்வாகியின் அறையில் விசாரணை நடந்தது. அவர், மேட்ரன், நான், முருகேசன். அன்று நான் பேசியதை இன்று எழுதக் கூசுகிறது. "பழைய போனுக்காகக் கொடுக்கப்பட்ட லிங்க். அது வெளியே அனுப்பப்பட்டிருக்கு" என்றேன். யார் கொடுத்தது என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை. வேண்டுமென்றே அப்படிச் சொன்னேனா என்று பல தடவை யோசித்துவிட்டேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"அப்புறம்?" என்றார் மேட்ரன். என்னைத்தான் பார்த்தார்.

பதில் சொன்னது முருகேசன். "நான்தான் சார் அனுப்புனேன். அக்கா மேல தப்பு எதுவும் இல்ல." அவர் அதை மனதார நம்பிச் சொன்னார். எனக்கு அந்த லிங்கை உருவாக்க அனுமதி இல்லை என்பதே அவருக்குத் தெரியாது.

நிர்வாகி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். மாரீஸ்வரியிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று மேட்ரன் வாதாடினார். சொன்னால் மருத்துவமனை கோர்ட் படி ஏற வேண்டி வரும், யாரும் அவளிடம் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று நிர்வாகி முடித்துவிட்டார். மேட்ரன் எழுந்து போனார். நான் அந்த உத்தரவைக் குனிந்த தலையோடு ஏற்றுக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

மாரீஸ்வரி வரவில்லை. வண்டியை அனுப்பினால் கதவைத் திறக்கவில்லை. வலது கை அறுவைக்குக் குறித்த நாள் வந்தது, போனது. வேறு நாள் குறித்தோம். அதுவும் போனது. காலண்டரில் ஒவ்வொன்றையும் 'வரவில்லை' என்று மாற்றியது நான்தான். எட்டு மாதம் மாற்றினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மேட்ரன் பதிவேட்டு அறைக்கு வந்து மாரீஸ்வரியின் பயிற்சி அட்டையை என் மேசையில் வைத்தார். முதல் மூன்று மாதக் கட்டங்களில் விரல் எவ்வளவு நீள்கிறது என்ற அளவுகள். அதன் பிறகு கட்டங்கள் வெறுமை. "ஃபைல்ல வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லிங்க் யார் பெயரில் உருவானது என்பதை சர்வரில் பார்க்க அவருக்குக் கற்றுக் கொடுத்தவளே நான்தான். பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பஸ் பிடித்து விஸ்வநத்தம் போனேன்.

மாரீஸ்வரி என்னைப் பார்த்ததும் வாசலை மறித்து நின்றாள். கதவை முழங்கையால் பிடித்திருந்தாள். வலது கை மூடிய முட்டியாக இருந்தது. "வாங்க. இன்னைக்கு எந்த வாசல் வழியா வரணும்னு சொல்லிட்டுப் போக வந்தீகளா?"

அங்கேயே நின்று சொன்னேன். லிங்க் என்றால் என்ன, ஏன் கொடுத்தேன், ஏன் மூடாமல் விட்டேன், அது யார் யாரிடம் போனது, விசாரணையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது, முருகேசனுக்கு வேலை போனது, எல்லாவற்றையும். இடையில் உள்ளே இருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "நீ படி" என்று மாரீஸ்வரி திரும்பாமலே சொன்னாள்.

நான் முடித்ததும், "எட்டு மாசமா நீங்க எல்லாரும் சேர்ந்து என்னை வித்துட்டீகன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா வரல?"

அவள் முழங்கையை மாற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, நான் ஒண்ணு கேக்கேன். என் நாளு, என் நேரம், நான் எந்த வாசல்ல எறங்கணும்னு, அது உங்க போன்ல இருந்துச்சு. டிரைவர் போன்ல இருந்துச்சு. அவர் மச்சான் போன்ல, அந்த போர்மேன் போன்ல, அம்புட்டுப் பேர்ட்டயும் இருந்துச்சு. என்கிட்டதான் இல்ல. அந்த ஆளுக வந்து ஒம்போது மணின்னாக. சரியா பொய்யான்னு பார்க்க என்கிட்ட என்ன இருந்துச்சு? சொல்லுங்க."

யார் யார் பார்க்கக் கூடாது என்று வருடக்கணக்கில் யோசித்திருந்தோம். மேட்ரன் கேட்ட அத்தனை "அப்புறம்?"களிலும் இந்தக் கேள்வி வரவில்லை. கை யாருடையதோ, அவளுக்கு மட்டும் அவளுடைய தேதி வெறும் வாய்வார்த்தைதான்.

திங்கட்கிழமை நடந்ததை முழுதாக எழுதி, கையெழுத்துப் போட்டு நிர்வாகியிடம் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள், வேலை போகவில்லை. முருகேசனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "அக்கா, சாப்பிட்டீகளா" என்று கேட்பார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

வக்கீல் அம்மா மாரீஸ்வரியின் வாக்குமூலத்தை மறுபடி எழுதினார். ஆனால் அந்தக் கைநாட்டுத் தாள் ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்தது. எந்தப் பேச்சை நம்புவது என்று கேட்டுக் கேட்டே ஆலைத் தரப்பார் வழக்கை இழுத்தார்கள். இறந்துபோன இரண்டு பெண்களின் வீட்டாரும் கடைசியில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள் என்று எந்த அரசாங்கக் காகிதத்திலும் இன்று வரை இல்லை.

மாரீஸ்வரி அறுவைக்கு வந்தாள். தேதியை அவளே குறித்தாள். மகளின் காலாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள். பெருவிரலும் இரண்டு விரல்களும் பிரிந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையோடு நின்றுவிட்டன. "எட்டு மாசம் முன்னால வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், நான் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் நாளில் கட்டுப் போட்ட கையோடு பதிவேட்டு அறைக்கு வந்தாள். இடது கையில் ஒரு போன். "இதுல ஏத்துங்க. என்னோடதை மட்டும்."

நோயாளி எவருடைய போனையும் நாங்கள் அதுவரை இணைத்ததில்லை. மேட்ரனைக் கூப்பிட்டேன். அவர் வந்து உட்கார்ந்தார். பதிவேட்டில் மாரீஸ்வரி என்று எழுதினேன். அவளுடைய நாட்களை மட்டும் தனிக் காலண்டராகப் பிரித்து அந்தப் போனில் இறக்கினேன். சோதனைக் குறிப்பு விழுந்தது. மேட்ரன் வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சரி" என்றார்.

போனுக்குப் பூட்டு எண் இல்லாமல் இருந்தது. "இதுக்கு ஆறு எண்ல ஒரு பூட்டு போடணும் மாரீஸ்வரி. உனக்குக் கஷ்டமா இருந்தா நான் போட்டுத் தாரேன், நீ எண்ணைச் சொல்லு" என்றேன்.

"வேண்டாம். நானே போடுறேன்." போனை மேசையில் வைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கோங்க."

அட்டை அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் அவள் மெதுவாக ஒவ்வொரு எண்ணாக அழுத்துவது கேட்டது. ஒரு தடவை தவறிப்போய், முதலிலிருந்து ஆரம்பித்தாள். மேட்ரனும் எழுந்து வந்து என் பக்கத்தில் அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டார். அவள் "ம், திரும்புங்க" என்று சொல்லும் வரை நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம்.